மூன்று ஊர்ச் சவர்க்காரம்

பஞ்சலிங்கத்தின் இடது கையில் நான்கு விரல்களுக்கு நகம் கிடையாது. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் பட்ட தீ என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அது தீ இல்லை, காரம். கொழும்பில் தெகிவளையில் உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரம் காய்ச்சிய பதினொரு வருஷத்தில் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. தீ அவரைத் தொடவே இல்லை. தம்பியைத்தான் தொட்டது.

தெகிவளை வீட்டின் பின்வளவில் ஒரு தகரக் கொட்டில் இருந்தது. எட்டுப் பீப்பாய் தேங்காயெண்ணெய், காரச் சாக்குகள், விறகு, வெட்டி அடுக்கிய சவர்க்காரக் கட்டிகள், காய்ச்சுகிற பெரிய கிடாரம், எல்லாம் அதற்குள்தான். ஆடி மாதத்து அந்தத் திங்கட்கிழமை கூட்டம் வாசலுக்கு வந்தபோது கிடாரம் கொதித்துக்கொண்டிருந்தது. தம்பி தம்பிராசா துடுப்பால் துழாவிக்கொண்டு நின்றான்.

"அண்ணை, நீங்கள் அண்ணியைக் கூட்டிக்கொண்டு ஓடுங்கோ. நெருப்பை இழுத்துப்போட்டு வாறன். பொங்கினால் எல்லாம் போயிடும்."

பஞ்சலிங்கமும் மனைவி பத்மாவதியும் மதிலால் ஏறி விழுந்தார்கள். பக்கத்து வீட்டுச் சிங்களத் தையற்காரர் இரண்டு பேரையும் அறைக்குள் தள்ளிப் பூட்டினார். யன்னல் பலகையில் ஒரு வெடிப்பு இருந்தது. அதனூடாகப் பஞ்சலிங்கம் பார்த்தார். தம்பியை அவனுடைய துடுப்பாலேயே அடித்தார்கள். அவன் விழுந்து எழும்பினான். மறுபடியும் அடித்தார்கள். நாலு பேர் சாக்கால் பிடித்துக் கிடாரத்தைச் சரித்து அவன்மேல் ஊற்றினார்கள். பிறகுதான் நெருப்பு வைத்தார்கள். பீப்பாய்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. ஐந்தாவது வெடிக்கும்வரை தம்பிராசாவின் குரல் கேட்டது.

கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கி, பத்மாவதியின் தகப்பன் வீடு இருந்த யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒதுங்கினார்கள். அதன்பிறகு ஆறேழு வருஷம் அவர் சந்தையில் மூட்டை இறக்கினார். யாராவது கொழும்பைப் பற்றிக் கேட்டால் ஒரு வசனம் மட்டும் சொல்வார்.

"எல்லாத்தையும் ஒரு கூரைக்குக் கீழை வைச்சன். அதுதான் நான் விட்ட பிழை."

பத்மாவதி அதைக் கேட்டுக்கொண்டு தன் வேலையைப் பார்ப்பாள்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியது. மண்ணெண்ணெய், சீமெந்து, பற்றரி என்று யாழ்ப்பாணத்துக்கு அரசாங்கம் போட்ட தடைப் பட்டியல் நீண்டது. அதில் சவர்க்காரமும் இருந்தது. சனங்கள் பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தார்கள். பிள்ளைகளுக்குச் சொறி கண்டது. பஞ்சலிங்கத்துக்கு வேலை கைக்குள்தான் இருந்தது, ஆனால் காரம் இல்லாமல் சவர்க்காரம் இல்லை. காரமும் தடை.

வழியைக் கண்டுபிடித்தவள் பத்மாவதி. புகையிலை வெட்டிய தோட்டத்தில் மிஞ்சும் தண்டை எரித்து, அந்தச் சாம்பலால் ஒருநாள் குத்துவிளக்கு மினுக்கினாள். எண்ணெய் பட்ட கை வழுக்கியது.

"இஞ்சருங்கோ, ஒருக்கா என்ரை கையைப் பிடிச்சுப் பாருங்கோ."

"இதென்ன, வயசு போன நேரத்திலை."

"விசர்க் கதை கதையாமல் பிடியுங்கோ!"

அவர் பிடித்தார். கை வழுக்கிய விதத்தில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சாம்பலைத் தண்ணீரில் கரைத்து வடித்து, அந்த நீரை நீற்றிய சுண்ணாம்போடு சேர்த்தால் காரநீர் வரும். அதை எண்ணெயோடு காய்ச்சிக் கடைசியில் உப்பைக் கொட்டினால் கட்டி திரண்டு மேலே வரும்.

இந்த முறை எல்லாவற்றையும் பிரித்தே வைப்பதென்று முடிவுகட்டினார். சாம்பலும் காரநீரும் திருநெல்வேலியில். சுண்ணாம்புக்குக் கொழும்புத்துறை. அங்கே கனிசியஸ் என்றொருவன் கடலுக்குப் போக வழியில்லாமல் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு, சீமெந்துக்குத் தடை வந்ததும் மட்டிச் சிப்பி பொறுக்கிச் சூளையில் நீற்றிக்கொண்டிருந்தான். எண்ணெய்க்கு மீசாலை. அங்கே மகாதேவிக்கு ஒரு செக்கும் சோடி மாடுகளும் இருந்தன. இந்திய இராணுவம் நின்ற காலத்தில் புருஷன் பீரங்கிச் செல்லடியில் செத்தபின் செக்கு நின்றுபோயிருந்தது. கொழும்புக்குப் போக வழியில்லாத தேங்காய் ஊரில் முளைகட்டிக் கிடந்தது. பஞ்சலிங்கம் போய்க் கதைத்து அந்தச் செக்கைத் திரும்ப ஓடவைத்தார்.

காய்ச்சுவது மூன்று ஊருக்கும் நடுவில், அரியாலைப் பனங்கூடலுக்குள் ஒரு கொட்டிலில். ஒரு மாதச் சாமானுக்கு மேல் ஓரிடத்திலும் இருக்கக்கூடாது. கட்டிகளை மூன்றாகப் பிரித்து மூன்று ஊருக்கும் கொண்டுபோவது.

"ஒரு ஊர் எரிஞ்சாலும் மற்ற ரண்டும் நிக்கும்" என்றார் பஞ்சலிங்கம்.

"மூண்டும் எரிஞ்சால்?" என்று கேட்டான் கனிசியஸ்.

"அப்ப குளிக்க ஆக்கள் இரா, தம்பி. சவுக்காரம் ஏன்?"

கனிசியஸ் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் எதற்கும் அப்படித்தான் சிரிப்பான்.

தபால் இல்லை, தொலைபேசி இல்லை. எல்லாருக்கும் தெரிந்த ஒரு நாள் வேண்டியிருந்தது. அமாவாசையை எடுத்துக்கொண்டார்கள். அமாவாசையில் மகாதேவி மாட்டைச் செக்கில் பூட்டமாட்டாள், ஆகவே அவளுக்கு ஓய்வு. கனிசியஸுக்குக் கடற்பெருக்கைப் பார்த்தாலே நாள் தெரியும். பஞ்சலிங்கத்துக்குத் தகப்பனுக்கும் தம்பிக்கும் பிடிக்கிற விரதம். காலையிலேயே காய்ச்சி, பொம்பர் விமானத்துக்குப் புகை தெரியாமல் பனையோலைக்குக் கீழே அடக்கி, மத்தியானத்துக்கு முன் கலைந்துவிடுவார்கள்.

அதன்பிறகு இரண்டரை வருஷம் மூன்று ஊரிலும் சின்னச் சின்ன அடுப்புகள் பல எரிந்தன. குப்பையென்று கொளுத்திய புகையிலைத் தண்டைத் தோட்டக்காரர் கட்டிக் கொண்டுவந்து கொடுத்துக் கட்டி வாங்கிப்போனார்கள். கொழும்புத்துறையில் நாலு குடும்பம் சிப்பி பொறுக்கியது. மீசாலையில் இன்னொரு செக்குத் தொடங்கியது. கட்டி கறுப்பாயிருக்கும், வாசமும் சொல்லிக்கொள்ளும்படி இராது. ஆனால் நுரைக்கும்.

துழாவுகிற வேலை பத்மாவதிக்கும் பழகிவிட்டது. பஞ்சலிங்கம் பக்கத்தில் நின்று ஒரே பாடத்தைச் சொல்லுவார்.

"நுரை ஏறேக்கை துடுப்பை விடாதை. விட்டால் பொங்கும். பொங்கினால் மூண்டு ஊரின்ரை ஒரு மாதப் பாடு மண்ணிலை."

இதில் ஒரேயொரு வில்லங்கம் இருந்தது. பஞ்சலிங்கத்தின் வீட்டில் பரம்பரையாக வாக்கிய பஞ்சாங்கம். மீசாலைப் பக்கம் திருக்கணிதம். இரண்டும் திதியில் சில மணித்தியாலம் முன்பின்னாக நிற்கும். வருஷத்தில் ஒன்றிரண்டு தடவை அமாவாசையே ஒரு நாள் தள்ளிப்போய்விடும். முதல்முறை அப்படி நடந்தபோது மகாதேவி எண்ணெய்க் கான்களோடு வந்து வெயில் ஏறும்வரை காவலிருந்து திரும்பிப்போய், மறுநாளும் வந்தாள். வந்தவள் சும்மா இருக்கவில்லை.

"அண்ணை, உங்கடை பஞ்சாங்கத்திலை சந்திரன் பிந்தித்தான் எழும்புவரோ? ராவிலை சரியான நித்திரை போலை."

"எங்கடை ஆக்கள் ஆயிரம் வருஷமாப் பார்த்த கணக்கு, பிள்ளை. நீங்கள் நேற்றுத் தொடங்கினது."

"நேற்றுத் தொடங்கினது சரியா நடக்குது. ஆயிரம் வருஷமாய் நடந்தவருக்கு மூட்டுவாதம்."

கனிசியஸ் சுண்ணாம்புச் சாக்கின்மேல் இருந்து சிரித்தான். "உங்கடை சந்திரனுக்கு ரண்டு பஞ்சாங்கம். எங்கடை கடலுக்கு ஒரு சந்திரன்தான். சண்டை வந்தால் தண்ணியைக் கேளுங்கோ."

அதையே வழக்கமாக்கினார்கள். நாள் முரண்பட்டால் கனிசியஸ் கடலைப் பார்த்துச் சொல்லி அனுப்புவான், அந்த நாள்தான் நாள்.

தொண்ணூற்று மூன்றில் ஒரு அமாவாசை அப்படி முரண்பட்டது. அந்த வருஷத்துப் பஞ்சாங்கம் தாள் தட்டுப்பாட்டால் பள்ளிக்கூடக் கொப்பியின் கோடுபோட்ட தாளில் அச்சாகி வந்திருந்தது. திருக்கணிதம் புதன் என்றது. வாக்கியம் வியாழன் என்றது. கனிசியஸ் சந்தையில் பத்மாவதியைக் கண்டு, "அக்கா, தண்ணி புதன் எண்டு சொல்லுது. அண்ணைக்குச் சொல்லுங்கோ" என்றான்.

பஞ்சலிங்கம் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "புதன் எனக்குச் சதுர்த்தசி. விரதம் வியாழன். தம்பிக்கு உள்ள நாளிலை நான் நாள் மாத்தமாட்டன்."

"அவையள் வந்து காவலிருப்பினம்."

"இருக்கட்டும். ஒருநாள் பொறுத்தால் எண்ணெய் புளிச்சுப் போகாது."

"நீங்களும் சேர்ந்துதானே தண்ணியைக் கேக்கிறது எண்டு பேசினது?"

"தம்பி எரிஞ்சது அவையளுக்குத் தெரியாது. எனக்குத்தானே தெரியும்."

புதன் காலை பத்மாவதி சந்தைக்குப் போய்வருகிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள்.

ஒன்பது மணிபோல பொம்பர் வந்தது. இரண்டு. பஞ்சலிங்கம் பின்வளவில் வெட்டியிருந்த பங்கருக்குள் இறங்கினார். முதலாவது குத்திப் பதிந்து எழும்பியது. நிலம் அதிர்ந்து மண் தலையில் கொட்டியது. ஐந்து குண்டு. பிறகு மற்றது பதிந்தது. வெளியே ஏறிப் பார்த்தபோது கிழக்கே புகை நின்றது.

"அரியாலைப் பக்கம்" என்றான் பக்கத்து வீட்டுக்காரன்.

நல்லகாலம், இன்றைக்குக் காய்ச்சவில்லை என்று பஞ்சலிங்கம் மனதுக்குள் நினைத்தார். அந்த நினைப்பை அவர் பின்னாளில் தனக்கு மன்னிக்கவில்லை. சாம்பல் தொட்டிக்குப் போனார். காரநீர் நிரப்பி மூலையில் வைத்திருந்த இரண்டு கான்களும் அங்கே இல்லை.

செம்மண் ஒழுங்கைகளால் குறுக்கறுத்துச் சைக்கிளை மிதித்தார். பனங்கூடலுக்குள் பாதிப் பனைகள் தலையில்லாமல் நின்றன. ஓலை எரிந்தது. ஒழுங்கை வாயிலில் கனிசியஸ் கிடந்தான். சுண்ணாம்புச் சாக்கு அவன்மேல் கிழிந்து கொட்டி, ஆள் முழுக்க வெள்ளை. குண்டுச் சிதறல் கழுத்தின் ஒரு பக்கத்தைக் கொண்டுபோயிருந்தது. இரத்தம் பட்ட இடத்தில் சுண்ணாம்பு நீறிப் புகைந்தது.

கொட்டில் இருந்த இடத்தில் கூரை இல்லை. கிடாரம் பக்கவாட்டில் சரிந்து கிடந்தது. பத்மாவதி ஒரு பனைக்கு அடியில் இருந்தாள். இருத்தி வைத்திருந்தாள் மகாதேவி. மார்பிலிருந்து முழங்கால்வரை கொதித்த காரமும் எண்ணெயும் கொட்டியிருந்தன. சேலை எது தோல் எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. மகாதேவி கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்ற ஊற்றப் பத்மாவதியின் உடம்பிலிருந்து நுரை வந்தது.

"நான் தண்ணி அள்ளப் போனனான், அண்ணை. கிணத்தடியிலை விழுந்து படுத்தன். வாங்கோ வாங்கோ எண்டு கத்தினன்." மகாதேவி அடுத்த வாளியை ஊற்றினாள். "அவ வரேல்லை. நெருப்பை இழுத்துப்போட்டு வாறன் எண்டவ."

பஞ்சலிங்கம் அந்தச் சொற்களை முன்பும் கேட்டிருந்தார். மகாதேவியின் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

பெரியாஸ்பத்திரியில் அவளை வாழையிலையில் கிடத்தினார்கள். இரண்டு நாள் இருந்தாள். வியாழக்கிழமை, அவருடைய பஞ்சாங்கத்து அமாவாசையன்று, ஒரு தடவை கண்ணைத் திறந்தாள்.

"விரதம் பிடிச்சனீங்களோ?"

"ஓம்" என்று பொய் சொன்னார்.

வெள்ளிக்கிழமை விடியச் செத்தாள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்தது. பஞ்சலிங்கம் சாம்பல் தொட்டியை உடைத்துப்போட்டார். தோட்டக்காரர் கொண்டுவந்த தண்டுக் கட்டுகளைத் திருப்பி அனுப்பினார். இனி ஒரு அடுப்பும் மூட்டுவதில்லை என்பது அவர் முடிவு. முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டிக்கு முன் அடுத்த அமாவாசை வந்துவிட்டது. துடக்கு வீடு. தீட்டென்று அயலார் படலைக்கு வெளியே நின்று கதைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அன்று காலை படலையைத் திறந்துகொண்டு மகாதேவி உள்ளே வந்தாள். சைக்கிளில் எண்ணெய். பின்னால் கறுப்புச் சேலையோடு ஒரு பெண். கரியரில் சுண்ணாம்பு.

"இவ அருமைநாயகி. கனிசியஸின்ரை மனிசி."

பஞ்சலிங்கம் எழும்பி நின்றார், முகத்தைப் பார்க்கவில்லை. "நான் அண்டைக்கு வந்திருந்தால்..."

"வந்திருந்தால் மூண்டு சவப்பெட்டி" என்றாள் அருமைநாயகி. "என்ரை மனிசன் போனவர். சூளை நிக்குது. சிப்பி பொறுக்கிற நாலு வீடும் வந்து என்ரை முற்றத்திலை நிக்குதுகள். நான் என்ன சொல்ல?"

"நான் காய்ச்சமாட்டன், தங்கச்சி. ஆக்களைக் கொண்டுபோய் ஒரு கொட்டிலுக்கை நிப்பாட்டிக் கொன்றவன் நான். சாமானைப் பிரிச்சு வைக்கத் தெரிஞ்சுது. சனத்தைப் பிரிச்சு வைக்கத் தெரியேல்லை."

மகாதேவி துடக்கு வீட்டுச் செம்பை எடுத்து, தண்ணீர் வார்த்து, அவர் பார்க்கக் குடித்தாள். அவள் அப்படிச் செய்யக்கூடியவள் அல்ல. விரதம், ஆசாரம் எல்லாம் இறுக்கமாகப் பிடிப்பவள்.

"அப்ப இனிச் சனத்தைப் பிரிப்பம்" என்றாள். "நான் ஒரு நாள் எண்ணெயை வைச்சுப்போட்டுப் போறன். இவ ஒரு நாள். கடைசியா வாறவர் தனியக் காய்ச்சட்டும். ஒருத்தரும் ஒருத்தரைக் காணத் தேவையில்லை. என்ன நாள் எண்டாலும் சரி, அமாவாசை வேண்டாம்."

அந்த மாதம் இரண்டு பஞ்சாங்கமும் ஒரே நாளைத்தான் சொல்லியிருந்தன.

பஞ்சலிங்கம் உடைத்த சாம்பல் தொட்டியைத் திரும்பக் கட்டினார். கிடாரத்தின் நெளிவை அடித்து நிமிர்த்தி இன்னொரு வளவுக்கு மாற்றினார்கள். பிறகு இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. மூன்று பேரும் ஒருவரையொருவர் காணவில்லை. பஞ்சலிங்கம் போகிறபோது எண்ணெய் இருக்கும், சுண்ணாம்பு இருக்கும், சில நாட்களில் ஓலைப்பெட்டிக்குள் பொரித்த மீனோ மாம்பழமோ இருக்கும். அவர் காய்ச்சி, அவர்களுடைய பங்கை வைத்துவிட்டு, ஓலைப்பெட்டிக்குள் இரண்டு கட்டி கூடப் போட்டு வருவார். கட்டி குறைந்ததென்று எந்த ஊரிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்குப் பாதி முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்டது. மழை. செம்மணி வெளியில் சனம் நெருங்கி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. நடக்கமாட்டாதவர்களை வண்டியில் வைத்துத் தள்ளினார்கள். வழியில் செத்தவர்களைத் துணியால் மூடி ஓரத்தில் வைத்தார்கள். பின்னால் செல் விழும் ஒவ்வொரு தடவையும் கூட்டம் ஒரே உடம்பாகக் குனிந்து நிமிர்ந்தது. பஞ்சலிங்கம் கிடாரத்தைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு போனார். நாவற்குழிப் பாலத்தடியில் யாரோ ஒரு தாய் அதற்குள் தன் குழந்தையை இருத்தினாள். அவர் குழந்தையோடு சேர்த்துத் தள்ளினார். மீசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது மகாதேவியின் செக்குக் கொட்டிலில் பதினொரு குடும்பம் இருந்தது. அருமைநாயகி அதற்கு முதல்நாளே வந்துவிட்டாள்.

மூன்றாம் கிழமை சொறியும் வயிற்றோட்டமும் தொடங்கின. மகாதேவி எண்ணெயை இறக்கிவைத்தாள். அருமைநாயகி தலைச்சுமையாகக் கொண்டுவந்த சுண்ணாம்பு ஒரு சாக்கு இருந்தது. சாம்பலுக்கு அயல் தோட்டத்துப் புகையிலைத் தண்டை எரித்தார்கள். கொட்டிலின் ஒரு மூலையில் அடுப்பு வைத்தார்கள். பஞ்சலிங்கம் உள்ளே வரவில்லை, மழைக்குள் மாமரத்தடியில் நின்றார்.

"மூண்டு பேரும் ஒரு கொட்டிலுக்கை வேண்டாம்" என்றார்.

அருமைநாயகி துடுப்பை நிறுத்தாமல் திரும்பிப் பார்த்தாள். "ஊரே ஒரு கொட்டிலுக்கைதான் நிக்குது, அண்ணை. இனி எங்கை கொண்டுபோய்ப் பிரிச்சு வைக்கப்போறியள்?"

பஞ்சலிங்கம் தலையைக் குனிந்து உள்ளே வந்து, உப்புப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு கிடாரத்தடியில் நின்றார்.

நுரை ஏறுகிற நேரம் பார்த்து முகிலுக்கு மேலே பொம்பரின் சத்தம் கேட்டது. சனம் குழந்தைகளை இழுத்துக்கொண்டு வளவுப் பங்கருக்கு ஓடியது. மகாதேவி வாசலில் நின்று கத்தினாள். அருமைநாயகி மட்டும் துடுப்போடு நின்றாள்.

"பொங்கப் போகுது. நெருப்பை இழுத்துப்போட்டு வாறன், அண்ணை, நீங்கள் போங்கோ."

பஞ்சலிங்கம் உப்புப் பெட்டியை எறிந்தார். "விடு! துடுப்பை விடு!"

"ஒரு மாத எண்ணெய்..."

"நாசமாப் போகட்டும், விடடி!"

வாழ்நாளில் அவர் பிற பெண்ணை அப்படிக் கூப்பிட்டதில்லை. துடுப்பைப் பிடுங்கிச் சுவருக்கு அடித்தார். அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்ப் பங்கருக்குள் தள்ளி, மேலே தானும் விழுந்தார். இரண்டு குண்டும் கண்டி வீதிக்கு அப்பால் தென்னந்தோட்டத்துக்குள் விழுந்தன. பஞ்சலிங்கம் அவளுடைய மணிக்கட்டை விடவில்லை. அவள்தான் கடைசியில், "அண்ணை, நோகுது" என்றாள்.

திரும்பி வந்து பார்த்தபோது கிடாரம் பொங்கி அடுப்பை அணைத்து, பாதி வெந்த சவர்க்காரம் வாசலால் வழிந்து முற்றத்துச் சேற்றில் பரவியிருந்தது. மகாதேவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு மாத எண்ணெய் மண்ணிலை, அண்ணை."

"ஓம்" என்றார் பஞ்சலிங்கம்.

மழை அதன்மேல் பெய்தது. முற்றம் முழுவதும் மெல்ல மெல்ல நுரைத்தது. முதலில் யாரோ ஒருத்தி பிள்ளையின் சட்டையைக் கொண்டுவந்து அந்த நுரையில் முக்கிக் கசக்கினாள். பிறகு இன்னொருத்தி. சிறிது நேரத்தில் பதினொரு குடும்பத்துப் பெண்களும், பக்கத்து வளவில் தங்கியிருந்தவர்களும், அழுக்கு மூட்டைகளோடு வந்து சேற்றில் குந்திவிட்டார்கள்.

பஞ்சலிங்கம் கிடாரத்தைச் சரித்து அடியில் ஒட்டியிருந்ததைச் சிரட்டையால் வழித்து, நகமில்லாத கையால் ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டு போனார்.

"காரம் இன்னும் அடங்கேல்லை. கை எரியும், கவனம்" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னார். "எரிஞ்சால் விட்டிட்டு எழும்புங்கோ."